அலங்காரம் குற்றமா?

நாம் குடியிருக்கும் அடுக்குமாடிகளைப் பார்த்து, “தீப்பெட்டியை அடுக்கி வெச்ச மாதிரி இருக்கே” என்று சொல்லாதவர்கள் நம்மில் குறைவு. பூவேலை இல்லை, வளைவு இல்லை, வாசல் நிலையில் ஒரு செதுக்கல்கூட இல்லை. காசை மிச்சம் பிடிக்கத்தான் இப்படி என்று நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். அந்த மொட்டைச் சுவருக்குப் பின்னால் நூறாண்டைத் தாண்டிய ஒரு வாதம் இருக்கிறது. அதை உரக்கச் சொன்னவர் வியன்னா நகரக் கட்டடக் கலைஞர் ஆடால்ஃப் லோஸ் (1870–1933).

‘அலங்காரமும் குற்றமும்’ என்ற அவருடைய சொற்பொழிவு 1913-இல் பிரெஞ்சிலும், 1929-இல்தான் ஜெர்மனிலும் அச்சேறியது. அதன் வலுவான பகுதி கூலிக்கணக்கு. செதுக்கு வேலைக்கு நேரம் அதிகம், கிடைக்கும் கூலியோ குறைவு. பொருள் தேயும் முன்பே அதன் மோஸ்தர் பழசாகிவிடுகிறது. ஆக, உழைப்பு வீண், பொருளும் வீண். இதை மறுப்பது கடினம்.

ஆனால் லோஸ் அதோடு நிற்கவில்லை. உடம்பில் பச்சை குத்தும் பாப்புவா மக்களை நாகரிக ஏணியின் கீழ்ப்படியில் வைத்து, அதே செயலை இன்றைய ஐரோப்பியன் செய்தால் குற்றவாளி அல்லது சீரழிந்தவன் என்கிறார். கூலிக்கணக்குக்கு இந்த ஏணி தேவையே இல்லை. வாசல் கோலத்தையும் கைவளையையும் வாழ்க்கையோடு வைத்திருக்கும் நாம் இதை எப்படி ஒப்புக்கொள்வது?

சரி, அவர் கட்டிய கட்டடம் என்ன சொல்கிறது? வியன்னா அரண்மனைக்கு எதிரே, ஓர் ஆடவர் உடை நிறுவனத்துக்காக 1909–1911-இல் அவர் எழுப்பிய கட்டடத்தின் மேல்மாடிகளில் வெறும் வெள்ளைச் சுவரும் சதுரச் சன்னல்களும்தான். ‘புருவம் இல்லாத வீடு’ என்று ஊரே கேலி செய்தது. நகராட்சி வேலையை நிறுத்தி வைத்தது. கடைசியில் சன்னல்களுக்குப் பூத்தொட்டி வைத்துச் சமாதானம் ஆயிற்று. கீழ்த்தளத்தைப் பாருங்கள்! கிரேக்க நாட்டுச் சலவைக்கல், அதில் பச்சை ரேகைகள், முன்னால் பாரம் தாங்காத பெரிய தூண்கள். உளி போன இடத்தில் விலையுயர்ந்த கல் வந்து உட்கார்ந்துகொண்டது. அலங்காரம் ஒழியவில்லை, கைமாறியது என்பதே என் கருத்து. சிற்பிக்குப் போக வேண்டிய காசு கல் வியாபாரிக்குப் போனது.

லோஸுக்கே இந்த உறுத்தல் இருந்தது. அதே கட்டுரையில் ஒரு செருப்புத் தைப்பவர் வருகிறார். கேட்ட விலைக்கு மேலேயே தருகிறேன் என்றதும் அவர் பூரித்துப் போகிறார். ஆனால் பூவேலை கூடாது, மழமழவென்று இருக்கணும் என்றதும் முகம் விழுந்துவிடுகிறது. வேலை குறைந்தது, காசு கூடியது, சந்தோஷம் போய்விட்டது. பிறருடைய மகிழ்ச்சிக்காக அத்தகைய அலங்காரத்தை நான் பொறுத்துக்கொள்வேன் என்கிறார் லோஸ். கட்டுரையின் மனசாட்சி இந்த இடத்தில்தான் பேசுகிறது. பின்வந்தவர்கள் தலைப்பைப் பிடித்துக்கொண்டு செருப்புத் தைப்பவரை மறந்தார்கள்.

இந்தக் கட்டுரையை 1920-இல் தம் பத்திரிகையில் மறுபதிப்புச் செய்தவர் லெ கொர்புசியே. அவரே பின்னாளில் சண்டிகர் சட்டமன்றத்தின் பெரிய கதவுக்கு வண்ண எனாமலில் சித்திரம் தீட்டினார். கைக்கு ஆசை விடுமா?

மொட்டைச் சுவரை நான் குறை சொல்லவில்லை. போலிப் பூவேலையைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் எந்தக் கட்டடத்தையும் எடைபோடும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்க வேண்டும்: இதில் எவ்வளவு உழைப்பு மிச்சம்? யாருடைய கைத்திறன் வேலையில்லாமல் போயிற்று? லோஸ் முதல் கேள்விக்கு நூறு பதில் வைத்திருந்தார். இரண்டாவதற்கு அவரிடம் இருந்தது ஒரு செருப்புத் தைப்பவரின் வாடிய முகம் மட்டுமே.