மண்ணும் வைக்கோலும்

எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபாத்தியின் ‘ஏழைகளுக்கான கட்டடக் கலை’ 1973-ல் சிகாகோவில் வெளிவந்த நூல். நான் அதை ஒரு நாவலாகத்தான் படித்தேன்.

மண், மணல், வைக்கோல், தண்ணீர். கதைக்கு மூலப்பொருள் இவ்வளவே. வைக்கோலைச் சேற்றோடு பிசைந்து ஊறவைத்து அறுத்த கல் காயும்போது அதிகம் வெடிக்காது. அந்தக் கனத்த சுவர் பகல் சூட்டைச் சட்டென்று உள்ளே விடாது. மரம் அரிதான அந்த நாட்டில், நூபியக் கொத்தனார்கள் தாங்கு சட்டம் இல்லாமலே அதே சுடாத கல்லால் வளைவுக் கூரை எழுப்புகிறார்கள். இந்தப் பக்கங்களில் உயிர் இருக்கிறது.

மனிதர்கள் வரும்போதுதான் இடறுகிறது. லக்ஸருக்கு எதிர்க்கரையில் பழங்கல்லறைகளின்மேல் குடியிருந்த குர்னா மக்களுக்காக 1940-களில் அவர் கட்டிய புதிய ஊருக்குப் பெரும்பாலோர் வர மறுத்தார்கள். கல்லறைப் புதையலே அவர்கள் பிழைப்பு என்கிறார், அதிகாரிகளையும் சாடுகிறார். இருக்கலாம். ஆனால், வீட்டை விட்டுப் போகச் சொன்னபோது ஒரு குர்னாக்காரி என்ன நினைத்தாள்? அவள் குரல் எனக்குக் கேட்கவில்லை. இடம் பெயர மனமில்லாதவளுக்கு எத்தனை நல்ல சுவரும் சிறைச் சுவர்தானே?

ஆயினும், தம் தோல்வியை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதற்காகவே வாசகர்கள் இதைப் படிக்க வேண்டும்.