உடைமையின் மூலம் எது? – நோசிக்கின் தன்னுரிமைக் கொள்கை

அரசு எதற்கு என்னும் வினா பழையது. மக்களைக் காப்பதற்கு என்பது எல்லாரும் ஒப்பும் விடை. காவலோடு அதன் கடமை முடிந்துவிடுமா, அன்றிக் கல்வி, மருத்துவம், குடிநீர், முதியோர் நலன் ஆகியவற்றையும் அது மேற்கொள்ள வேண்டுமா என்னும் இடத்திலேதான் அறிஞர் பிரிகின்றனர். காவலுக்கு மேல் ஓரடி எடுத்துவைக்கும் அரசு தனிமனிதனின் உரிமையில் கைவைத்துவிட்டது என்று கூறுவோர் தன்னுரிமைக் கொள்கையினர். பள்ளியும் மருத்துவமனையும் வேண்டா என்பது அவர்தம் கருத்தன்று. வேண்டுவோர் தம் பணத்தைத் தாமே கொடுத்து அவற்றை அமைத்துக்கொள்ளட்டும். பிறன் பணத்தை வரியென்று வாங்கி அமைத்தல் ஆகாது என்பதே அவர் கட்சி.

இக்கட்சிக்கு இருபதாம் நூற்றாண்டில் கிடைத்த மிக வலிய வழக்குரை இராபர்ட் நோசிக் (1938–2002) எழுதிய ‘அரசின்மை, அரசு, கனவுலகு’ என்னும் நூல். 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்நூல் மறு ஆண்டே அமெரிக்காவின் தேசிய நூற்பரிசைப் பெற்றது. ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் அவருடன் பணியாற்றிய ஜான் ரால்ஸ் 1971-இல் ‘நீதிக் கோட்பாடு’ என்னும் நூலை வெளியிட்டிருந்தார். சமூகத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். ஆனால் அது மிகத் தாழ்ந்து நிற்பவனுக்கும் நன்மை பயப்பதாக இருத்தல் வேண்டும் என்பது ரால்ஸ் காட்டிய நெறி. அதற்கு நோசிக் தந்த மறுப்பே இந்நூலின் நடுப்பகுதி. மறுப்பு எவ்வளவு தூரம் செல்லும், எவ்விடத்தில் தன் காலிலேயே தடுக்கி விழும் என்பதைக் காண்பது பயனுடையது.

நூலின் வாதம்

உரிமை என்பது வேலி போன்றது என்று தொடங்குகிறார் நோசிக். ஊருக்கு எவ்வளவு நன்மை வருவதாயினும் ஒருவனுடைய வேலியைத் தாண்டிப் புக அரசுக்கு உரிமையில்லை. ஏனெனில் எந்த மனிதனும் பிறர் நன்மைக்குக் கருவியாகப் படைக்கப்பட்டவன் அல்லன். இதிலிருந்து அவர் பெறும் முடிவு காவல் அரசு. வன்முறை, களவு, மோசடி ஆகியவற்றைத் தடுப்பதும், செய்த ஒப்பந்தத்தை நிறைவேற்றுவிப்பதுமே அதன் தொழில். அதற்கு மேற்பட்ட சேவைகளுக்காக ஒருவனுடைய ஊதியத்தில் ஒரு பங்கை வரியாக வாங்குவது, அப்பங்கை ஈட்டச் செலவான நேரம் முழுதும் அவனைக் கட்டாய வேலை வாங்குவதற்கு ஒப்பாகும் என்கிறார்.

பலரும் அறிந்த கூடைப்பந்து உவமை அடுத்து வருகிறது. செல்வத்தை எந்த நெறிப்படியும் பங்கிட்டுக்கொள்க. பின்னர் வில்ட் சேம்பர்லின் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர் விளையாடுகிறார். காண வருவோர் ஒவ்வொருவரும் அவருக்கென்றே 25 காசு கொடுக்கின்றனர். பத்து லட்சம் பேர் வந்தால் அவர் கையில் இரண்டரை லட்சம் டாலர் சேரும். முன்னிருந்த பங்கீடு குலைந்துவிட்டது. ஆயினும் கொடுத்தவர் எல்லாரும் மனமுவந்து கொடுத்தனர். இதில் அநீதி எங்கே வந்தது? பங்கீட்டை மாறாமல் வைக்க விரும்பும் அரசு, மக்கள் மனமுவந்து செய்யும் கொடுக்கல் வாங்கலில் ஓயாது தலையிட வேண்டிவரும் என்று அவர் காட்டுவது மறுக்க எளிதன்று.

ஆதலின் நீதியைப் பங்கீட்டின் உருவத்தில் தேடலாகாது, அதன் வரலாற்றில் தேடுக என்கிறார். உரியவர் இல்லாப் பொருளை முதற்கண் நேர்மையாகக் கைக்கொள்ளல், பிறரிடமிருந்து நேர்மையாகப் பெறும் கைமாற்றம், இவ்விரண்டிலும் நேர்ந்த பிழையைத் திருத்தும் குறைநீக்கம் என மூன்று நெறிகளை வகுக்கிறார். இம்மூன்றும் ஒழுங்காக நடந்தால் யாரிடம் எவ்வளவு இருப்பினும் அது நீதியே.

இக்கொள்கையின் பெருமையை மறைத்தல் தகாது. மலாயாவில் 1948 முதல் 1960 வரை அவசரகாலம் நிலவியது. 1950-இல் வகுத்த பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரங்களில் பயிரிட்டு வாழ்ந்த லட்சக்கணக்கான மக்கள், பெரும்பாலும் சீனர், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். நாட்டின் நன்மை என்பதே காரணமாகக் கூறப்பட்டது. பெயர்க்கப்பட்டோரின் சம்மதம் கேட்கப்படவில்லை. மனிதரைச் சதுரங்கக் காய்போல் நகர்த்தும் அதிகாரத்தின்முன் ‘இவன் கருவியல்லன்’ என்று உரைக்க ஒரு கொள்கை வேண்டும். நோசிக் அதை உரத்துச் சொன்னார்.

ஆனால் அங்ஙனம் பெயர்க்கப்பட்டவருள் பெரும்பாலோரிடம் அவர்கள் உழுத நிலத்துக்குப் பட்டா இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் அத்துமீறிக் குடியேறியோர். நோசிக் போற்றும் வேலி, நிலத்தைப் பொறுத்தவரையில், அவர்களுக்கு இருக்கவேயில்லை. வேலியைக் காக்கும் கடமையைப் பற்றி விரிவாகப் பேசும் நூல், வேலியை யார் நட்டது என்னும் வினாவில் சுருங்கிவிடுகிறது.

தக்காளிச் சாறும் தோட்டத்து வியர்வையும்

கூடைப்பந்து உவமை ஒரு தெரிந்தெடுத்த உவமை. சேம்பர்லின் விற்றது தம் உடலில் பிறந்த திறமையை. அவர் எவருடைய மண்ணையும் எடுக்கவில்லை. நிலம் அத்தகையதன்று, அதை எந்த மனிதனும் செய்யவில்லை. ஒருவன் ‘என்னது’ என்றால் மற்ற எல்லாரும் வெளியே நிற்க வேண்டும். ஆகவே நிலத்தில்தான் கொள்கையின் வலிமை சோதிக்கப்படும்.

இங்கு நோசிக் 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர் ஜான் லாக்கைத் துணைக்கொள்கிறார். பொதுவாகக் கிடந்த மண்ணில் ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடையதாகும் என்றவர் லாக். நோசிக் அதை வாய்மூடி ஏற்றுவிடவில்லை. ஒரு குவளைத் தக்காளிச் சாற்றைக் கடலில் கொட்டினால் கடல் கொட்டினவனுக்குச் சொந்தமாகுமா, அல்லது சாறுதான் வீணாகுமா என்று கேட்கிறார். கேள்வி நகைச்சுவையானது; விடைதான் நூலில் நிறைவாக இல்லை. ஒருவன் கைக்கொள்வதால் மற்றவர் நிலை முன்னையினும் கெடாதிருந்தால் போதும் என்னும் வரம்போடு அமைந்துவிடுகிறார். பாலைவனத்தின் ஒரே நீர்நிலையை வளைத்துக்கொண்டு கேட்ட விலை வாங்குதல் கூடாது என்பதையும் அவ்வரம்பின்கீழ் ஒப்புகிறார்.

நோசிக் எழுதியது அமெரிக்காவில். எனினும் கொள்கை எந்நாட்டுக்கும் பொதுவென்றே எழுதப்பட்டது. எனவே எந்நாட்டு மண்ணிலும் அதை உரைத்துப் பார்க்கலாம். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் அதற்கு ஏற்ற உரைகல். காடு வெட்டியதில் சீனரும் ஜாவானியரும் மலாய்க்காரரும் உழைத்தனர். ஐரோப்பியர் தோட்டங்களில் கன்று நட்டு, களை எடுத்து, தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவினவருள் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து வந்தோர். மண்ணில் கலந்த உழைப்பு அவர்களுடையது, மண் கம்பெனியுடையது.

லாக்கிடம் இதற்கு விடை உண்டு. தம் வேலையாள் வெட்டிய புற்கரணும் தம் உடைமையே என்று அவர் எழுதினார். கூலி பெற்றவன் உழைப்பை விற்றுவிட்டான் என்பது கருத்து. நோசிக்கின் கைமாற்ற நெறியும் அதையே கூறும். ஆனால் விற்பனை நேர்மையானதாக இருந்தாலன்றோ அந்நெறி செல்லும்? மலாயாவில் இந்தியருக்கான ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதுவரை, வேலையை விட்டு ஓடிய தொழிலாளியைச் சிறையிலிடச் சட்டம் இடம் தந்தது. விட்டு நீங்க முடியாதவன் செய்த ஒப்பந்தத்தை மனமுவந்து செய்தது என்று நோசிக்கின் சொந்த அளவுகோலே கொள்ளாது.

பதிவேடு என்னும் திரை

இன்னும் அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. உடைமையின் நேர்மையை வரலாற்றில் தேடுக என்பது நோசிக். நிலச்சட்டமோ பல நாடுகளில் அவ்வரலாற்றைத் தேடாதே என்று கட்டளையிடுகிறது.

பழைய ஆங்கில முறையில், நிலம் வாங்குவோன் முன்னைய பத்திரங்களை எல்லாம் சங்கிலிபோல் பின்னோக்கித் தேடிச் செல்ல வேண்டும். ஒரு கண்ணி பழுதானால் எல்லாம் பழுது. இத்தொல்லையைத் தீர்க்கத் தென் ஆஸ்திரேலியாவில் இராபர்ட் டாரன்ஸ் 1858-இல் புதியதொரு முறையைக் கொணர்ந்தார். அரசாங்கப் பதிவேட்டில் எவன் பெயர் இருக்கிறதோ அவனே உரிமையாளன். அதற்கு முன் நடந்ததைத் துருவ வேண்டுவதில்லை. சிலாங்கூரில் 1891-இல் இம்முறை சட்டமாயிற்று. பின்னர் மற்ற மலாய் மாநிலங்களுக்கும் பரவிற்று. 1966 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டம் தீபகற்ப மலேசியா முழுமைக்கும் அதனையே நிலைநாட்டியது.

ஆகவே இம்மண்ணில் பட்டா என்பது முன்பே இருந்த உரிமைக்குச் சாட்சி மட்டுமன்று. உரிமை பிறப்பதே அப்பதிவில். இதன் பொருளை நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு தெளிவாக்கும். கள்ளக் கையெழுத்தால் ஒருவருடைய நிலம் விற்கப்பட்டு, வாங்கினவர் சூதறியாதவராக இருந்தால் நிலம் யாருக்கு? 2000-ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் வாங்கினவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2010-இல் அதே நீதிமன்றம் முந்தைய தீர்ப்புத் தவறென்று கூறி, கள்ளப் பத்திரத்தின்மேல் நேராக வாங்கினவருக்கு அப்பாதுகாப்பு இல்லையென மாற்றியது. பத்தாண்டில் மண் மாறவில்லை, உழைப்பு மாறவில்லை, சட்டப் பிரிவின் பொருள் மாறிற்று, உரிமையும் உடன் மாறிற்று.

நில அலுவலகமும் ஓர் அரசுச் சேவை என்பதைத் தன்னுரிமைக் கொள்கையினர் கணக்கில் சேர்ப்பதில்லை. பள்ளி நடத்தும் அரசு வரம்பு மீறியதென்றும், பதிவேடு நடத்தும் அரசு வெறும் காவற்காரன் என்றும் கொள்வது பொருந்தாது. காவற்காரன் வீட்டைக் காப்பான். வீடு யாருடையது என்று முடிவு செய்யமாட்டான். பதிவேடு அதனையே செய்கிறது.

இதனால் மற்றொரு தெளிவும் பிறக்கிறது. மலாய் மாநிலங்களில் தோட்ட நிலம் அரசாங்கத்தால், ஆண்டு வரிக்கும் பயிரிடும் கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டு அளிக்கப்பட்டது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்த தோட்டங்களில் பள்ளி அமைக்கும் பொறுப்பை உரிமையாளர்மேல் வைத்தது. நோசிக்கின் வழி நிற்போர் இதனை வேலி தாண்டுதல் என்பர். நிபந்தனையோடு பெற்ற நிலத்துக்கு மேலும் ஒரு நிபந்தனை என்பதே இதற்குத் தக்க பெயர். அப்பள்ளிகளுட் பல ஒற்றைக் கொட்டகையும் ஓராசிரியருமாக இருந்தன என்பது மெய். கட்டாயத்தால் வந்தது குறைந்த அளவோடு நின்றது என்று அவர்கள் சுட்டினால் அதில் உண்மை உண்டு. ஆயினும் அக்கட்டாயமும் இல்லாதிருந்தால் பல தோட்டங்களில் அக்கொட்டகையும் எழுந்திராது.

எழுதாமல் விட்ட அதிகாரம்

மூன்றாம் நெறியாகிய குறைநீக்கமே நூலின் மனச்சாட்சி. முன்னோர் செய்த பிழையால் இன்று ஒருவன் செல்வனாகவும் ஒருவன் வறியனாகவும் இருந்தால் என் செய்வது? இவ்வினாவுக்கு நோசிக் தனி அதிகாரம் எழுதவில்லை. சில பக்கங்களே ஒதுக்கினார். எனினும் அச்சில பக்கங்களில் உண்மையை மறைக்கவில்லை. இழைக்கப்பட்ட அநீதி மிகப் பெரிதாயின், அதனைத் தீர்க்கச் சிறிது காலத்துக்குக் காவல் அரசினும் விரிந்த அரசு தேவைப்படலாம் என ஒப்புகிறார். பழைய கணக்கைத் துல்லியமாகப் பார்க்க இயலாதபோது, மிகத் தாழ்ந்த நிலையில் இருப்போரை இயன்றவரை உயர்த்துவதே ஒரு பருமட்டான வழியாக இருக்கலாம் என்றும் கூறுகிறார்.

இங்கே படிப்போர் சற்று நிற்பர். தாழ்ந்தோரை முன்வைத்துச் சமூகத்தை அமைத்தல் என்பது ரால்ஸின் நெறியன்றோ? முன்வாயில் வழியே வெளியேற்றிய விருந்தினரைப் பின்வாயில் வழியே நோசிக்கே அழைத்துவிட்டார். பிழையில்லாக் கைக்கொள்ளலில் தொடங்கிய நாடு உலகில் எங்கேனும் இருந்தால் அங்குக் காவல் அரசு போதும். அத்தகைய நாட்டை வரலாறு காட்டவில்லை. எனவே நூலின் முடிவுரை, நூலின் சொந்த நெறிப்படியே, எந்த நாட்டுக்கும் இன்னும் பொருந்துவதாயில்லை.

தன்னுரிமைக் கொள்கையின் சிறந்த பக்கத்தைக் காட்டும் நிகழ்ச்சியும் இதே தோட்டங்களில் நடந்தது. 1950-களில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கினோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றனர். தோட்டத் துண்டாடல் என வழங்கிய இதனால் தொழிலாளர் வேலையையும் லயத்து வீட்டையும் ஒருங்கே இழந்தனர். ஒவ்வொரு விற்பனையும் சட்டப்படி நேர்மையானது. எவரும் எவரையும் ஏய்க்கவில்லை. இதனை எதிர்கொள்ள 1960-இல் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. தொழிலாளர்கள் கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டிய பங்குப் பணத்தால் தோட்டங்கள் விலைக்கு வாங்கப்பட்டன. வரியில்லை, பறிமுதலில்லை, மனமுவந்த கூட்டு முயற்சி. நோசிக் கனவு கண்ட உலகில் இதற்கு முதலிடம் உண்டு.

ஆயினும் அவ்வெற்றியினுள் ஒரு வினா அடங்கிக் கிடக்கிறது. தம் உழைப்பால் உருவான தோட்டத்தைத் தம் சேமிப்பால் மறுபடி வாங்க வேண்டியிருந்தது ஏன்? உழைப்பே உடைமைக்கு மூலமென்றால் அந்த விலை இருமுறை கொடுக்கப்பட்டது. பதிவேடே மூலமென்றால், உடைமை அரசுக்கு முற்பட்டது என்னும் அடித்தளம் ஆட்டங்காண்கிறது. இரண்டில் எதைக் கொண்டாலும் கொள்கைக்கு இடர்.

1989-இல் வெளியிட்ட பிற்கால நூலொன்றில், தாம் முன்னர் முழங்கிய தன்னுரிமைக் கொள்கை பெரிதும் போதாதது என்று நோசிக்கே எழுதினார். தம் வாதத்தின் விரிசலைத் தாமே ஒப்பிய நேர்மை போற்றத்தக்கது. அரசு தனிமனிதனைக் கருவியாக்கலாகாது என்னும் அவருடைய எச்சரிக்கை என்றும் வேண்டும். அதனோடு மற்றொன்றையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்: பதிவேட்டில் பெயர் ஏறாதவனும் கருவியல்லன். அவன் பிள்ளைக்கு ஒரு பள்ளியும் அவன் முதுமைக்கு ஒரு கூரையும் கேட்டால், பிறன் வேலியைத் தாண்டுகிறான் என்று விரட்டுமுன், அவ்வேலி எப்போது யாரால் நடப்பட்டதென்று கேட்பதே நீதி.