சோலாரிஸ் பேட்ச் மறுநிறுவல்: ஒரு மதிப்பீடு

சோலாரிஸ் என்பது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய யுனிக்ஸ் வகை இயக்குதளம் ஆகும். 2010இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபின் இது ஆரக்கிளின் பொறுப்பில் உள்ளது. 2005இல் வெளிவந்த 10ஆம் பதிப்பு வரை இதன் பிழைத்திருத்தங்கள் ‘பேட்ச்’ என்ற பெயரில் தனித்தனியாக வழங்கப்பட்டன. அவற்றை நிறுவுவதற்கு ‘பேட்ச்ஆட்’, நீக்குவதற்கு ‘பேட்ச்ஆர்எம்’ என்ற கட்டளைகள் பயன்பட்டன. ஒரு பேட்சை முதன்முறை நிறுவும்போது இந்த முறையின் குறைகள் எளிதில் தெரிவதில்லை. அதையே மீண்டும் நிறுவ நேரும்போதுதான் அவை வெளிப்படுகின்றன.

ஒவ்வொரு பேட்சுக்கும் ஆறு இலக்க எண்ணும், அதையடுத்து இரண்டு இலக்கத் திருத்த எண்ணும் உண்டு. எடுத்துக்காட்டாக 118833-36 என்பது ஸ்பார்க் கணினிகளுக்கான சோலாரிஸ் 10 கருனிப் பேட்சின் 36ஆம் திருத்தம். பேட்ச்ஆட் புதிய கோப்புகளை வைக்கும் முன் பழைய கோப்புகளைச் சுருக்கி, ‘வார்’ அடைவுக்குள் சேமித்து வைக்கும். பின்னர் பேட்ச்ஆர்எம் அவற்றை எடுத்துப் பழைய இடத்தில் வைக்கும். நிறுவிய பேட்ச்களின் பட்டியலை ‘ஷோரெவ்’ கட்டளை காட்டும். 1990களில் உருவான ஓர் அமைப்புக்கு இது மிக ஒழுங்கான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும்.

மறுநிறுவல் ஏன் தேவைப்படுகிறது? பேட்ச் போட்ட பிறகு மூலக் குறுவட்டிலிருந்து புதிய மென்பொருள் பொதி ஒன்றைச் சேர்த்தால், அந்தப் பொதி திருத்தப்படாத பழைய நிலையிலேயே வந்து அமரும். பட்டியலிலோ பேட்ச் நிறுவப்பட்டதாகவே இருக்கும். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, மாணவன் வகுப்பில் இல்லை என்பது போன்ற நிலை இது. இந்தச் சூழலில் பேட்ச்ஆட் கட்டளையை மீண்டும் கொடுத்தால், விடுபட்ட பொதிக்கு மட்டும் திருத்தத்தைச் சேர்க்கும். சேர்ப்பதற்கு எதுவும் இல்லையென்றால் ‘ஏற்கெனவே நிறுவப்பட்டது’ என்று கூறி நின்றுவிடும். கோப்பு ஒன்று பிற்பாடு சிதைந்திருந்தாலும் அதே பதில்தான் வரும். அப்போது கையேடு காட்டும் வழி, பேட்சை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவது.

ஆனால் அந்த வழி எப்போதும் திறந்திருப்பதில்லை. பேட்ச்ஆட் கட்டளையில் ‘டி’ என்றொரு விருப்பத்தேர்வு உண்டு. அதைக் கொடுத்தால் பழைய கோப்புகள் சேமிக்கப்படா. எனவே அந்தப் பேட்சை நீக்கவும் இயலாது. வட்டுகள் சிறியனவாக இருந்த காலத்தில் இடத்தை மிச்சப்படுத்த இது உதவியது. சோதனைக் கணினியில் இதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. கருனிப் பேட்சுக்கும் இதைத் தடையின்றி அனுமதித்ததே இந்த அமைப்பின் பெரிய குறை. இடம் மிச்சமாகும் நன்மை அன்றே கிடைக்கிறது; அதன் இழப்பு மாதங்கள் கழித்து, பெரும்பாலும் வேறொரு நிர்வாகியின் கையில் தெரியவருகிறது.

‘யு’ என்ற விருப்பத்தேர்வும் இதே இயல்புடையது. நிர்வாகி தாமே மாற்றிய கோப்பு ஒன்று இருந்தால் பேட்ச்ஆட் வழக்கமாக நிறுவ மறுக்கும். ‘யு’ கொடுத்தால் அந்தச் சோதனையே நடவாது. மறுநிறுவலில் அவசரப்படுபவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். தாமே தொகுத்து வைத்த அஞ்சல் நிரல் அப்படியே மேலெழுதப்பட்டுப் போவதும் இதனால்தான்.

சார்பு இன்னொரு தடை. வேறு பேட்ச்கள் சார்ந்திருக்கும் ஒன்றை நீக்க பேட்ச்ஆர்எம் மறுக்கும். கருனிப் பேட்சை அகற்ற வேண்டுமானால் அதன்மேல் அமர்ந்த அனைத்தையும் பின்னிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். திருத்த எண் உயர்ந்த பேட்ச் முந்தைய திருத்தங்களையும் உள்ளடக்கியது என்பதால், பழையதைக் கழற்றி மாட்டுவதைவிட அடுத்த திருத்தத்தை நிறுவுவதே பல நேரங்களில் பாதுகாப்பானது.

அனுபவமுள்ள நிர்வாகிகள் பட்டியலை மட்டும் நம்புவதில்லை. ‘பிகேஜிசெக்’ கட்டளை ஒவ்வொரு கோப்பின் அளவையும் சரிபார்ப்புக் கூட்டலையும் பதிவுடன் ஒப்பிடுவதால், உண்மை நிலை அதில்தான் தெரியும். பேட்சுடன் வரும் ‘ரீட்மீ’ கோப்பைப் படித்து, ஒற்றைப் பயனர் நிலையில் நிறுவுவது அடுத்தது. வட்டு இரட்டை நகலாக இருந்தால் ஒரு பாதியை முன்பே பிரித்து வைப்பார்கள். இதிலும் ஒரு பொறி உண்டு. பிரித்த பாதியிலிருந்து கணினியைத் தொடங்க, அதிலுள்ள ‘விஎஃப்எஸ்டேப்’, ‘சிஸ்டம்’ ஆகிய கோப்புகள் நேரடி வட்டுப் பகுதியைச் சுட்டுமாறு மாற்றப்பட்டிருக்க வேண்டும். மாற்ற மறந்தால், காப்பாக வைத்த பாதி தேவைப்படும் இரவில் எழுந்து வராது.

இத்தனை கவனமும் தேவைப்பட்டதற்குக் காரணம், ஓடிக்கொண்டிருக்கும் கோப்புகளின் மேலேயே திருத்தம் எழுதப்பட்டதுதான். பாதியில் மின்சாரம் நின்றால் சில கோப்புகள் புதியவை, சில பழையவை என்ற நிலையில் கணினி தொடங்காமலே போகலாம். ‘லைவ் அப்கிரேட்’ வசதி இதற்கு விடை தந்தது. அது இயக்குதளத்தின் நகல் ஒன்றை எடுத்து, நகலில் மட்டும் பேட்ச் போட்டு, மறுதொடக்கத்தில் அந்த நகலுக்கு மாறும். ஆனால் அது விரும்பினால் மட்டும் பயன்படுத்தும் கருவியாகவே இருந்தது.

2011இல் வெளிவந்த சோலாரிஸ் 11 பேட்ச் முறையையே கைவிட்டது. ‘பிகேஜி’ கட்டளை இயக்குதளத்தைப் புதுப்பிக்கும்போது, இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையின் உதவியால் புதிய தொடக்கச் சூழல் ஒன்றை உருவாக்குகிறது. பழைய சூழல் அப்படியே இருக்கும். ‘பிஇஆட்ம்’ கட்டளையால் அதற்குத் திரும்பலாம். சிதைந்த கோப்பை ‘பிகேஜி வெரிஃபை’ கண்டறிய, ‘பிகேஜி ஃபிக்ஸ்’ களஞ்சியத்திலிருந்து நல்ல பிரதியைக் கொண்டுவருகிறது. நீக்கி நிறுவும் பழைய சுற்றுவழி இங்கே தேவையில்லை. பழையதைக் காப்பது நிர்வாகியின் நினைவாற்றலைச் சாராமல் கருவியின் இயல்பாகவே ஆனது என்பதில்தான் இதன் சிறப்பு உள்ளது.

இதற்கும் எல்லை உண்டு. பயனர் அடைவுகளும் தனியாக வைக்கப்பட்ட தரவுத்தளமும் தொடக்கச் சூழலுக்கு வெளியே உள்ளவை; சூழலை மாற்றினாலும் அவை பின்னோக்கிச் செல்லா. ‘இடிசி’ அடைவிலுள்ள கடவுச்சொல் கோப்போ சூழலுக்கு உள்ளே இருப்பது. புதிய சூழலில் இரண்டு வாரம் பணி நடந்தபின் பழையதற்குத் திரும்பினால், இடையில் மாற்றிய கடவுச்சொற்கள் அங்கே இரா. நிர்வாகி நுழைய வேண்டியது இரண்டு வாரத்துக்கு முந்தைய கடவுச்சொல்லைக் கொண்டுதான்.