ஒன்று என்ற எண்ணின் இரண்டு காவல்

மிகயீல் குரோமோவ் 1985-இல் வெளியிட்ட நாற்பது பக்கச் சொச்சக் கட்டுரையில் பெரிய முடிவுகள் பல உண்டு. எனக்குப் பிடித்தது அவற்றில் சிறிய ஒன்று. கலப்பெண் வீழ்ப்புத்தளம் நான்கு பரிமாண வெளி. அதற்குள் ஒரு கோளப்பரப்பு, நேர்கோட்டின் வகையைச் சேர்ந்தது, ஆனால் கண்டபடி நெளிந்து கிடக்கிறது. அதற்குள்ள ஒரே கட்டுப்பாடு, அது சிம்ப்ளெக்டிக் பரப்பாக இருக்க வேண்டும்: எவ்வளவு சிறிய துண்டை எடுத்தாலும் சிம்ப்ளெக்டிக் வடிவம் தரும் பரப்பளவு நேர் எண்ணாக வர வேண்டும். கிழிக்காமல், தன்னைத் தானே வெட்டாமல், இந்தக் கட்டுப்பாட்டையும் மீறாமல் அதை அசல் நேர்கோடாக நகர்த்த முடியுமா? முடியும் என்றார் குரோமோவ்.

அவர் அந்தப் பரப்பைத் தொடவே இல்லை என்பதுதான் அழகு. வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு திருப்பும் விதியை வைக்கிறார். ஒரு திசையை ஒருமுறை திருப்பினால் வேறொரு திசை, மறுமுறை திருப்பினால் முதல் திசைக்கு நேரெதிர். நம் நெளிந்த பரப்பு கீழ்ப்படியும்படி, அதாவது பரப்பின் மேலுள்ள திசையைத் திருப்பினாலும் அது பரப்பிலேயே இருக்கும்படி, ஒரு விதியை அமைக்கலாம். அசல் நேர்கோடுகள் கீழ்ப்படியும் பழைய விதியும் இருக்கிறது. சிம்ப்ளெக்டிக் வடிவத்துக்குப் பொருந்திய எந்த இரண்டு விதிகளுக்கும் இடையே வழி உண்டு. ஆகவே விதியை மெல்ல மாற்றிக்கொண்டே போகிறார். பரப்பு தானாகப் பின்தொடர்கிறது.

தொடரும் என்பதற்கு என்ன உறுதி? பரப்பின் மேல் இரண்டு புள்ளிகளைக் குறித்துவிடுங்கள். இடைப்பட்ட ஒவ்வொரு விதிக்கும் அவ்விரண்டின் வழியே செல்லும் ‘கோடு’ ஒன்றே ஒன்றுதான். ஏனென்றால் ஒரே விதிக்குக் கீழ்ப்படியும் இரு வேறு பரப்புகள் சந்திக்கும் இடமெல்லாம் கூட்டல் குறியோடுதான் கணக்கில் சேரும்; ஒன்றையொன்று அடித்துக்கொள்ளக் கழித்தல் குறி கிடைக்காது. நேர்கோட்டு வகையில் மொத்தக் கணக்கு ஒன்று. இரண்டு கோடுகள் இரண்டு புள்ளிகளிலும் சந்தித்தால் கணக்கு இரண்டாகிவிடும். அடுத்த பயம், பாதி வழியில் பரப்பு துண்டாகிவிடுமோ என்பது. அதற்கும் இடமில்லை. உடைந்தால் ஒவ்வொரு துண்டின் பரப்பளவும் கோட்டின் பரப்பளவைப் போல் ஒரு மடங்கு, இரு மடங்கு என்று முழு எண்ணாகவே வரும். கையில் இருப்பதோ ஒரு மடங்கு. அதைப் பங்கு போட முடியாது. கணக்கிலும் ஒன்று, பரப்பளவிலும் ஒன்று!

கோடு முதல் படி வளைவு. இனி இரண்டாம் படியான கூம்பு வளைவுக்கு வாருங்கள். இரண்டு கூம்பு வளைவுகள் சந்திக்கும் கணக்கு நான்கு. குறிக்க வேண்டிய புள்ளிகள் ஐந்து. ஐந்து நான்கைவிடப் பெரிது, ஆகவே இங்கும் வளைவு ஒன்றுதான். இம்முறை பரப்பளவு இரண்டு, அதனால் இரண்டு கோடுகளாக உடைய வாய்ப்பு உண்டு. ஆனால் ஐந்து புள்ளிகளை இரண்டு கோடுகளுக்குப் பிரித்தால் ஏதோ ஒன்றில் மூன்றாவது சிக்கும். எந்த மூன்றும் ஒரே கோட்டில் வராதபடி பாதையைக் கொஞ்சம் அசைத்துக்கொள்ளலாம். இரண்டாம் படியும் முடிந்தது.

மூன்றாம் படியில் புள்ளிகள் ஒன்பது, சந்திப்புக் கணக்கும் ஒன்பது. சமம்! அந்த எளிய வாதம் சரியாக இங்கே சாய்கிறது. நான்காம் படியில் 14 புள்ளி, 16 சந்திப்பு. அதன் பிறகு இடைவெளி அகன்றுகொண்டே போகும். அப்பால் போக வேறு உழைப்பு தேவைப்பட்டது. மூன்றாம் படியை ழான்-குளோத் சிகொராவ் முடித்தார். ஆறு வரை ஷெவ்சிஷின் கொண்டுபோனார். பெர்ந்த் சீபெர்ட்டும் காங் தியானும் 2005-இல் 17 வரை எட்டினார்கள். அங்கே தொல்லை தருவது, ஒரே துண்டு தன் மேலேயே பலமுறை மடிந்து எல்லையில் வந்து நிற்பது. அந்த மடிப்பைப் பிரித்தெடுக்கும் வேலை 17-க்கு மேல் ஓடவில்லை.

வேறு சில வெளிகளில் விடையே தலைகீழ். ஃபின்டுஷெலும் ஸ்டெர்னும் 1999-இல் சில நான்கு பரிமாண வெளிகளில் ஒரே வகையைச் சேர்ந்த சிம்ப்ளெக்டிக் வளையப்பரப்புகளை முடிவின்றிக் கட்டிக் காட்டினார்கள். இணையாக ஓடும் நகல்களைப் பின்னலிட்டு ஒன்றாக்கியவை அவை. ஒன்றை இன்னொன்றாக எப்படி நகர்த்தினாலும் கொண்டுபோக முடியாது. வீழ்ப்புத்தளத்திலோ அப்படி நகர்த்த முடியாத ஒரு வழுவழுப்பான பரப்பு இதுவரை யார் கையிலும் அகப்படவில்லை.