பெயரில் சென்னை, ஆட்டம் கோவையில்

2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். ஐ-லீக் சீசனின் கடைசி நாள். ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்து, இங்கே சென்னை சிட்டி எஃப்.சி. ஜெயிக்காமல் போனால் கோப்பை கொல்கத்தாவுக்கு. இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அடுத்த இரண்டு கோலும் ஒரு டிஃபெண்டர் அடித்தவை: கௌரவ் போரா. 3-1. ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. ஆனாலும் 43 புள்ளிக்கு எதிரே 42தான்.

சிங்கப்பூர்க்காரரான பயிற்சியாளர் அக்பர் நவாஸ் அந்த அணியைப் பந்தைக் கையகப்படுத்தி ஆட வைத்தார். நெஸ்டர் கோர்டில்லோ நடுவில் இழுத்து விளையாட, மான்சி அந்த சீசனில் 21 கோல் போட்டார். தமிழ்நாட்டுப் பையன்கள் கணிசமாக இருந்த அணி என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் என்று வரிசை நீளும்.

ஆனால் ஆவடியிலோ அம்பத்தூரிலோ இருக்கும் ரசிகர் இந்தச் 'சென்னை' அணியைப் பார்க்க கோவைக்கு ரயிலேற வேண்டியிருந்தது. மின்சார ரயிலில் சென்ட்ரலில் இறங்கி நடந்தால் வரும் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் ஆடியது 'சென்னையின் எஃப்.சி.' என்ற வேறொரு அணி. கோவைக்காரர்கள் திரண்டு வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் கிளப்புக்குச் சொந்த ஊரில் காலூன்ற ஒரு கிரவுண்ட் கூட இருக்கவில்லை.

1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்பாகத் தொடங்கிய அணி இது. 2019-ல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2020-ல் மான்சி ஜப்பான் போனார். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஐ.எஸ்.எல். அணிகளுக்குக் கிளம்பினார்கள். 2021-22 ஐ-லீக் பட்டியலில் இந்த முன்னாள் சாம்பியனின் பெயரே இல்லை.

ஸ்காட்லாந்தில் இதற்கு அண்ணன் முறையில் ஒன்று உண்டு. கிரெட்னா எஃப்.சி., அதுவும் 1946-ல் பிறந்தது. சின்னஞ்சிறு எல்லை ஊர். ஒரு செல்வந்தர் பணத்தைக் கொட்ட, மூன்று ஆண்டில் மூன்று டிவிஷன் தாவி உச்ச லீகுக்குப் போனது. நடுவில் 2006 ஸ்காட்டிஷ் கோப்பை ஃபைனலில் ஹார்ட்ஸ் அணியிடம் பெனால்டி ஷூட்-அவுட்டில்தான் தோற்றது. அந்தச் செல்வந்தர் உடல்நலம் குன்றிப் பணவரத்து நின்றதும் 2008-ல் கிளப்புக்கு மூடுவிழா. கிளாஸ்கோவின் தேர்ட் லானார்க் கதை இன்னும் வயிறெரிய வைக்கும்: 1960-61 லீகில் 100 கோல் அடித்து மூன்றாமிடம், 1967-ல் நிர்வாகச் சீர்கேட்டில் கிளப்பே இல்லை. அவர்களுடைய கேத்கின் பார்க் மட்டும் பொதுப் பூங்காவாக இருக்கிறது. ரசிகர்கள் நின்ற படிகளைச் சுற்றி மரங்கள் வளர்ந்துவிட்டன, நடுவில் இன்றைக்கும் பந்து உருள்கிறது.

நம்ம பக்கம் நிலைத்து நின்ற கால்பந்து வேறு வகை. வில்லிவாக்கத்தை ஒட்டிய ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க் போன்ற ஆபீஸ் அணிகள். தேசிய சாம்பியன் பட்டமும் வெளிநாட்டு முதலீடும் இவர்களுக்குக் கனவு. ஆனால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவருக்கு முழங்கால் போன பிறகும் மாதச் சம்பளம் வரும். 2000-களின் தொடக்கத்தில் இந்தியன் பேங்க் தேசிய லீகிலேயே ஆடியது. கீழே இறங்கியபோது ஆட்டக்காரர் வீட்டில் அடுப்பு அணையவில்லை.

சென்னை சிட்டிக்கு அந்தச் சம்பளப் பட்டியலும் இல்லை, கேத்கின் மாதிரி ஒரு மண்ணும் இல்லை. 43 புள்ளி எடுத்த அந்தச் சீசன் முழுக்கக் களத்தில் ஜெயித்த கணக்கு. அதற்கு வெளியே இருந்த கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. அடுத்து ஒரு முதலாளி அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் அணி தொடங்க வந்தால், எந்த ஸ்ட்ரைக்கர் என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். மைதானக் குத்தகை எத்தனை வருஷத்துக்கு, யார் பெயரில் என்று முதலில் கேளுங்கள்.