பனித்துளியால் கழுவிய மரணம்

ஷேமஸ் ஹீனி என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது, பேனாவால் நிலத்தைக் கிண்டப் புறப்பட்ட அந்த ஆரம்பகாலக் கவிதைதான். வட அயர்லாந்தின் டெரிப் பகுதியில் 1939இல் ஒரு கமக்காரக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர்; 1995இல் நோபல் பரிசு பெற்றார்; 2013இல் காலமானார். நான் சொல்ல வந்தது வேறு. ஒரே மரணத்தை அவர் இரண்டு முறை எழுதினார்.

அவருடைய உறவினர் கொலம் மெக்கார்ட்னி, 1975 ஆகஸ்டில் டப்ளினில் காற்பந்துப் போட்டி பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கத்தோலிக்கர் என்பதைத் தவிர அவர் செய்த குற்றம் எதுவுமில்லை. 1979இல் வெளிவந்த 'ஃபீல்ட் வேர்க்' தொகுப்பில் ஹீனி அவருக்கொரு இரங்கற்பா எழுதினார். லொக் பெக் ஏரிக்கரையில், தலைமயிரிலும் கண்ணிலும் இரத்தமும் தெருச்சேறும் அப்பிக் கிடப்பவரைக் கவிஞர் கண்டெடுக்கிறார். புல்லின் பனியை அள்ளிக் கழுவுகிறார், பாசியால் துடைக்கிறார், கபன் துணிக்கு மேல் அணியக் கோரைப்புல்லில் தோளணி பின்னுகிறார். ஜனாஸா குளிப்பாட்டுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்துவிடும். எங்கள் கையறுநிலைப் பாடல்களுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க கவிதை என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன்.

பிறகுதான் 1984இல் வந்த 'ஸ்டேஷன் ஐலண்ட்' நெடுங்கவிதையை வாசித்தேன். லொக் டெர்க் தீவுக்கு யாத்ரிகர்கள் வெறுங்காலோடு போய் மூன்று நாள் நோன்பிருந்து பாவமன்னிப்புத் தேடுவார்கள். அங்கே ஹீனியைச் சந்திக்கும் இறந்தோரில் அந்த உறவினரும் ஒருவர். வந்தவர் நன்றி சொல்லவில்லை. சுட்டவனோடு கவிஞரையும் சேர்த்துக் குற்றஞ்சாட்டுகிறார். செய்தி வந்தபோது நீ கவிஞர்களோடு இருந்தாய், என்னிடம் வரவில்லை. என் சாவின் அசிங்கத்தை வெள்ளையடித்துப் பனித்துளியால் இனிப்பாக்கிவிட்டாய் என்று கேட்கிறார்.

இதுவும் ஒரு தந்திரம்தானே, தன்னைத் தானே ஏசிக்கொண்டால் வேறெவரும் ஏச மாட்டார்களே என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கும் அந்தச் சந்தேகம் கொஞ்சம் உண்டு. குற்றச்சாட்டும் நல்ல கவிதையாகத்தானே வந்திருக்கு! ஆனால், வெறும் தந்திரமென்றால் இத்தனை குறிபார்த்து, தனது மிகச் சிறந்த வரிகளிலேயே கை வைத்திருக்க வேணுமா? முந்திய கவிதையை அவர் ஒளித்துவைக்கவும் இல்லை. 1998இல் வந்த தெரிவுத் தொகுப்பில் இரண்டும் இருக்கின்றன.

இப்போது வகுப்பில் முதலாவதை வாசித்தால், இரண்டாவதையும் வாசிக்காமல் நான் புத்தகத்தை மூடுவதில்லை.