குறியீடும் சொல்லும்: எல்லை கடக்கும் மருத்துவப் பதிவேடுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

மின்னணு மருத்துவப் பதிவேடுகள் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குச் செல்லும்போது மொழி தடையாகின்றது. இத்தடையைக் குறியீடுகளின் துணைகொண்டு கடந்துவிடலாம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. அக்கருத்து எந்த அளவிற்கு ஏற்கத்தக்கது என்பதை மொழிபெயர்ப்பு நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐரோப்பாவில் 2008 முதல் 2014 வரை நடைபெற்ற எப்சாஸ் என்னும் முன்னோடித் திட்டம் இதற்குத் தக்க சான்றாகும். இத்திட்டத்தில் நோயாளியின் பதிவேடு முழுவதும் மொழிபெயர்க்கப்படவில்லை. நோய், மருந்து, ஒவ்வாமை முதலியவற்றின் சுருக்கமே அனுப்பப்பட்டது. அனுப்பும் நாடு தன் குறியீட்டைப் பொதுக் குறியீடாக மாற்றியது. பெறும் நாடு அதற்குரிய தன் மொழிச் சொல்லைத் திரையில் காட்டியது. பின்லாந்தில் எழுதப்பட்ட மின்மருந்துச் சீட்டுக்கு எஸ்தோனிய மருந்தகங்கள் 2019 ஜனவரியில் மருந்து வழங்கத் தொடங்கியமை இவ்வழியில் ஏற்பட்ட வளர்ச்சி எனலாம்.

இம்முறையின் பயனை மறுப்பதற்கில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகள் 24. ஒவ்வொன்றிலிருந்தும் ஏனையவற்றிற்கு நேரே மொழிபெயர்ப்பதாயின் 552 வழிகள் தேவைப்படும். பொதுக் குறியீடு ஒன்று இருப்பின் மொழிக்கு ஒரு சொற்பட்டியல் போதுமானது.

ஆயினும், இங்கு மொழிபெயர்ப்பாளரின் பணி பட்டியல் உருவாகும்போதே முடிந்துவிடுகின்றது. சூழல் அவர் கண்முன் இல்லை. 'இருக்கக்கூடும்', 'ஐயத்திற்குரியது' என மருத்துவர் தம் நடையில் எழுதும் குறிப்புகள் குறியீட்டிற்குள் முழுமையாக அடங்குவதில்லை. மூல ஆவணத்தின் படியையும் உடன் அனுப்ப எப்சாஸ் வகைசெய்திருந்தது. ஆனால் அம்மொழி அறியாத மருத்துவருக்கு அப்படியினால் விளையும் பயன் சிறிதே.

இதனினும் அடிப்படையான சிக்கல், குறியீடு தேர்ந்தெடுக்கப்படும் முதற்கணத்தில் உள்ளது. 1980-இல் அமெரிக்காவின் புளோரிடாவில், நினைவிழந்த இளைஞர் ஒருவரைக் குறித்து அவர்தம் குடும்பத்தார் 'இன்டாக்சிகாடோ' என்னும் ஸ்பானியச் சொல்லைக் கூறினர். உண்ட பொருளால் உடல் கெட்டது என்பது அவர்கள் கருதிய பொருள். ஒலியொத்த ஆங்கிலச் சொல்லைக் கொண்டு மருத்துவர்கள் அதனைப் போதை எனக் கொண்டனர். மூளையில் ஏற்பட்ட குருதிக்கசிவு உரிய காலத்தில் கண்டறியப்படாமையால் அவருடைய கைகால்கள் செயலிழந்தன. இத்தகைய பிழை குறியீடாகப் பதிவாகுமாயின், அது எல்லா மொழிகளிலும் ஐயத்திற்கு இடமின்றித் திருத்தமாகவே மொழிபெயர்க்கப்படும்.

தமிழும் இச்சிக்கலுக்கு விலக்கன்று. ஸ்னோமெட் சி.டி. என்னும் பன்னாட்டு மருத்துவச் சொற்றொகுதி அமைப்பில் இந்தியா 2014-இல் உறுப்பு நாடாயிற்று. அத்தொகுதியில் தலைசுற்றல், சிறிது நேரம் நினைவிழத்தல், தூக்கக் கலக்கம் ஆகியன வெவ்வேறு கருத்துகள். 'மயக்கமாக இருக்கிறது' என்னும் தமிழ்த் தொடரோ சூழலுக்கேற்ப இவற்றுள் எதனையும் குறிக்கலாம், போதையையும் குறிக்கலாம். பதிவு செய்வோர் ஒன்றைத் தேர்ந்தவுடன் ஏனைய பொருள்கள் மறைந்துவிடுகின்றன. பின்னர் படிப்பவருக்கு அத்தேர்வு நிகழ்ந்ததென்பதே தெரியாது.

எனவே கலைச்சொற்களுக்கு நிகரன்களை ஆக்குவது மட்டும் போதாது. நோயாளி கூறிய சொல் அவர் மொழியிலேயே குறியீட்டுடன் சேர்த்துப் பதியப்படுதல் வேண்டும். நோய்க்குறிகளைச் சுட்டும் பேச்சுவழக்குச் சொற்களை அவற்றின் வட்டாரப் பொருள் வேறுபாடுகளுடன் தொகுத்து, மருத்துவர் கேட்டுத் தெளியவேண்டிய வினாக்களையும் உடன் தரும் அகராதிகள் தேவை. இப்பணி மொழியியலாரும் மருத்துவரும் கூடிச் செய்தற்குரியது.